தினமும் ஒரு டிரான்ஸ்பர்

எங்க வீட்டுக்காரருக்குத் தினமும் காலையில டிரான்ஸ்பர் ஆர்டர் வந்துரும். கல்கத்தாவுல கிடர்பூர் கஸ்டம்ஸ் ஆபீஸ்ல ரிட்டயர் ஆகி எத்தனையோ வருஷம் ஆச்சு. மறதி நோய் வந்து எல்லாம் அழிஞ்ச பிறகும் இந்த டிரான்ஸ்பர் மட்டும் அவுக மண்டையில ஒட்டிக்கிட்டு நிக்கி. காப்பி குடிச்ச கையோட கட்டிலுக்கு அடியில கெடக்க பெட்டிய இழுப்பாக. வேட்டி, சட்டை, சோப்பு டப்பா, சில நாள் குக்கர் மூடி கூட உள்ள போகும். மத்தியானம் அவுக தூங்கையில நான் எல்லாத்தையும் எடுத்து இருந்த இடத்துல வைப்பேன். விடிஞ்சா மறுபடியும் ஆர்டர்.

ஆரம்பத்துல எரிச்சலான எரிச்சல். பெட்டிய ஒளிச்சு வச்சேன். அவுக போர்வையில மூட்டை கட்டிக்கிட்டு, ரயிலுக்கு நேரமாச்சுன்னு வாசக்கதவப் போட்டு இடிச்சாக. லேக் கார்டன்ஸ்ல எங்க தெருவே எட்டிப் பாத்துச்சு. இனிமே தேறாதுன்னு டாக்டர் பட்டுன்னு சொல்லிட்டார். சால்ட் லேக்ல கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்க எம் மவன் வந்தான். ஹோம்ல விட்ருவோம், நீ அடுக்கி அடுக்கி என்ன ஆகப்போகுதுன்னான். அவனுக்குத் தமிழ விட வங்காளம்தான் சரளம். "கீ லாப், மா?"ன்னான். லாபமாம்! லாபம் பாத்தா உன்னைப் பெத்து வளத்தேன்?

ஆனா அவன் கேட்டது நியாயந்தான். ஒரு மழை நாள், அதே சட்டைய மடிக்கையில, இது யாருக்குன்னு எனக்கே கேள்வி வந்துட்டு. யாருக்கும் இல்ல. நான் செத்தாத்தான் முடியும். அழுகை வரும்னு பாத்தா சிரிப்பு வந்துச்சு. அர்த்தம் வேணும்னு கேட்டாத்தானே அழணும்? கேக்கலைன்னா இது வெறும் துணி, எனக்கு ரெண்டு கை இருக்கு, போ. மறுநாள் வீம்புக்குன்னே சட்டைக்கெல்லாம் இஸ்திரி போட்டு, பக்கத்துல உக்காந்து ஒண்ணொண்ணா எடுத்துக் குடுத்தேன். மடிப்புக் கலையாம வைங்கன்னு அதட்டல் வேற. அந்தக் காலை நேரம் எனக்குச் சந்தோஷமாவே இருந்துச்சு, பொய் சொல்லல.

ஒண்ணே ஒண்ணுதான் அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. அவுக வாயால எம் பேரக் கேட்டுப் பல மாசம் ஆச்சு. பக்கத்துல இருக்கது பொண்டாட்டின்னு தெரியுதா, தெரியலையா? கேக்கப் பயம்.

போன வாரம் துணிஞ்சு என் சேலை ரெண்ட அவுக கையில குடுத்தேன். தடவிப் பாத்தாக. பெட்டியில வைக்காம எங்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டாக.

"இது எம் பொண்டாட்டியோடது, பௌதி. இங்கேயே இருக்கட்டும்."

பௌதின்னா அண்ணி. இங்க பக்கத்து வீட்டுப் பொம்பளைகள அப்படித்தான் கூப்பிடுவாக. சேலைய வாங்கி மடியில வச்சுக்கிட்டேன்.

வேலையில இருந்த காலத்துல எந்த ஊருக்கு மாத்துனாலும் அவுக முதல்ல தனியாப் போவாக. குவாட்டர்ஸ் கெடைச்ச பிறகுதான் எங்களக் கூட்டிக்கிடுவாக.

"வீடு கெடைச்சதும் வந்து கூட்டிட்டுப் போயிருவேன். அதுவரை அவளக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க பௌதி. வெளியில ராங்கியா பேசுவா, தனியா இருந்தா அழுவா."

பாத்துக்கிடுதேன்னு சொன்னேன். பெட்டி மூட மாட்டேன்னுச்சு, நான் மேல ஏறி உக்காந்தேன், அவுக பூட்டுனாக.