ஃபுகுஷிமா என்று பெயர் கொண்டவர்

என் மகளின் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் என்ன எழுதுவது? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. காலியாக விட்டால் விசாவுக்குச் சிக்கலாம். துபாயில் இருக்கும் கணவர், "நம்ம ஊர் பேரையே எழுதேன், அதுல இன்னா?" என்கிறார்.

ஒருநாள் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் ரயிலில் எதிரே ஒரு ஜப்பானியர் உட்கார்ந்திருந்தார். மெலிந்தவர்; அந்த வெயிலிலும் சட்டைக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார். வானூர்ப் பக்கம் பல வருடமாக இருப்பதால் தமிழ் பேசினார். என் மகள் அவர் விரலைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்த ஒருவர் அவரிடம் பெயர் கேட்டார்.

"ஃபுகுஷிமா" என்று சொல்லிவிட்டு, எங்கள் முகங்களைப் பார்த்தபடி காத்திருந்தார்.

"அணு உலை வெடிச்ச ஊரு தானே சார்? தப்பிச்சுக்கினு வந்துட்டீங்களா?"

"அந்த ஊரை நான் பார்த்ததே இல்லைங்க. அந்தப் பேர்ல எங்க நாட்டுல நிறைய குடும்பம் இருக்கு. வேற ஊருங்களும் இருக்கு."

அதற்குள் நான் குழந்தையை என் மடிக்கு இழுத்திருந்தேன். அவர் விரலை மெதுவாக மடக்கிக்கொண்டார்.

"பரவாயில்லம்மா. எல்லாரும் அப்படித்தான்."

எங்கள் ஊரைச் சொன்னதும் "ஊர்ல எந்தப் பக்கம்?" என்று கேட்டு, காலனி என்ற பதில் வந்ததும் நகர்ந்து உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும். தெரிந்தும் இழுத்தேன். மன்னிப்புக் கேட்பதற்குள் நாங்கள் இறங்க வேண்டிய திண்டிவனம் வந்துவிட்டது. மகள் டாட்டா காட்டினாள். அவர் தலை குனிந்து வணங்கினார்.

விண்ணப்பம் இன்னும் அலமாரியில் கிடக்கிறது. ஊர்ப் பெயரை எழுதக் கை வரவில்லை. மறைக்கவும் மனம் வரவில்லை. நீங்களாக இருந்தால் எதை எழுதுவீர்கள்? சொல்லுங்கள்.