வெள்ளிக்கிழமை ஏழு மணி

ஹெல்சிங்கியில் தாலினுக்குப் போகாத ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டம். தாலினைப் பார்த்த ஆளைக் கண்டுபிடிப்பது அதைவிடக் கஷ்டம். கடலைத் தாண்டிப் பக்கத்து நாட்டில் இறங்கினால் துறைமுகத்தை ஒட்டியே மலிவு விலைக் கடை; பீர்ப் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் கட்டி அடுத்த கப்பலில் ஏறினால் வீடு வந்துவிடும். கடைக்குப் பின்னால் இத்தனை நூற்றாண்டுகளாகக் கோட்டையும் கோபுரங்களும் நிற்பது எங்கள் ஆட்கள் கண்ணில் படுவதே இல்லை. ஜன்னல் கண்ணாடி பொருத்துகிற வெய்யோவும் அந்த ரகம்தான்.

மனைவி பிரிந்து போய் வெகுகாலம் ஆகிறது. மகள் ஆஸ்லோவில். தன் சமையல், தன் வானொலி என்று வெய்யோ நிம்மதியாகத்தான் இருந்தான், நடனக் கூடத்தில் தெல்லெர்வோவைப் பார்க்கும்வரை. அவள் சந்தைக் கட்டடத்தில் மீன் கடை வைத்திருக்கிறாள். மூன்று வருஷமாக அவள் வீடு அவளுக்கு, அவன் வீடு அவனுக்கு. ஞாயிற்றுக்கிழமைக் காப்பி மட்டும் பொது. அவன் வீட்டுக்கு வரும்போது தான் போட்டுக்கொள்ள ஒரு ஜோடி சிவப்புக் கம்பளிக் காலுறையை வாசல் கூடையில் விட்டு வைத்திருந்தாள். சாயங்காலம் அவள் கிளம்பிப் போனதும் அந்தக் காலுறையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இங்கேயே வந்துவிடேன் என்று கேட்க ஆசை. கேட்கத்தான் வாய் வரவில்லை.

"என் அறுபதாவது பிறந்தநாளுக்குத் தாலின் போலாம். பீர் தூக்க இல்ல, ஊரைப் பாக்க" என்றாள் ஒரு நாள்.

வெய்யோவுக்கு உற்சாகம் தலைக்கேறியது. சமையலறை மேஜையில் வரைபடத்தை விரித்து, எந்த வாசல் வழியாக உள்ளே நுழைவது, எந்தக் கோபுரத்தில் முதலில் ஏறுவது, கறுப்பு ரொட்டியும் மான்கறி சூப்பும் எங்கே நன்றாக இருக்கும் என்று ராணுவத் தளபதி மாதிரி திட்டம் போட்டான். போட்டதைச் சொல்ல நேரே சந்தைக்குப் போனான்.

"சனிக்கிழமை காலைக் கப்பல். ஞாயித்துக்கிழமை ராத்திரி வீட்டுல."

தெல்லெர்வோ மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். "என் பிறந்தநாள் வெள்ளிக்கிழமை வருது."

"வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு எனக்கு..."

"சவுனா முறை."

"ஆமா."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். அடுத்தவருக்கு சால்மன் நிறுக்கப் போய்விட்டாள்.

அடுக்குமாடி வீடுகளில் அடித்தளத்து சவுனா, அதாவது நீராவிக் குளியலறை, எல்லோருக்கும் பொது. வாரத்தில் ஒரு மணி நேரம் ஒரு வீட்டுக்கு. அதிலும் வெள்ளிக்கிழமை ஏழு மணி என்பது சும்மா கிடைக்காது. வைத்திருப்பவர் வீடு மாற வேண்டும், இல்லாவிட்டால் கண்ணை மூட வேண்டும். காய்ச்சலில்கூட வெய்யோ அதை விட்டதில்லை; சூடு அதிகமான மேல் பலகையில்தான் உட்காருவான். அதனால் தெல்லெர்வோ ஒன்றும் சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். எங்கள் ஆட்களின் மௌனத்தில் சம்மதமும் உண்டு, சண்டையும் உண்டு. இத்தனை வயதாகியும் பிரித்துப் பார்க்கத் தெரியாத மக்கு அவன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். காப்பி குடித்தாள், இலவங்கப்பட்டை ரொட்டி தின்றாள், வானிலை பேசினாள். போகும்போது காலுறையைக் கழற்றி, கூடையில் போடாமல் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

காலிக் கூடையைப் பார்த்ததும்தான் வெய்யோவுக்கு விஷயம் புரிந்தது. அந்தக் கணமே மாடியேறிப் போய் மேல் வீட்டு ஹில்லெவியின் கதவைத் தட்டினான். அவளுக்குச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் முறை. வெள்ளிக்கிழமை மேல் அவளுக்கு எத்தனையோ காலமாக ஒரு கண்.

"ஹில்லெவி அக்கா, இந்த வாரம் என் ஏழு மணியை நீங்க எடுத்துக்கோங்க."

"யாரு செத்தா?"

"யாரும் சாகல. தாலின் போறேன்."

"பீருக்காகவா சவுனாவை விடுற?"

"கோட்டை பாக்கப் போறேன்."

ஹில்லெவி அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "சுடலையே. ஓ, அந்த மீன்காரியோடவா? அதை முதல்லயே சொல்றதுக்கென்ன!"

மறுநாள் மீன் கடை முன்னால் போய் நின்றான். "வெள்ளிக்கிழமை காலைக் கப்பல். ரெண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்துட்டேன்."

தெல்லெர்வோவின் கத்தி நின்றது. "உன் சவுனா?"

"ஹில்லெவிக்குக் குடுத்துட்டேன்."

"ம்" என்றாள். ஆனால் அன்றைக்கு அவனுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்த மீன் நல்ல நடுத்துண்டம்.

தாலினில் அவன் போட்ட திட்டம் முதல் தெருவிலேயே குலைந்தது. அவள் கோபுரத்தைக் காட்டினால் அவன் ஜன்னலைப் பார்த்தான். "பழைய கண்ணாடி, பாரு, எப்படி அலை அலையா இருக்கு! இதை மாத்தவே கூடாது."

"ஊரைப் பாக்கக் கூட்டிட்டு வந்தா வேலை பாக்குறான்" என்று அவள் சிரித்தாள். மதில் மேல் நின்று, சிவப்புக் கூரைகளுக்கு அப்பால் துறைமுகத்துக் கடையை இருவரும் முதல்முறையாக முதுகுப்பக்கத்திலிருந்து பார்த்தார்கள்.

சாயங்காலம் சதுக்கத்தில் சூப்பு வந்தது. வெய்யோவின் கண் தானாகக் கைக்கடிகாரத்துக்குப் போனது. தெல்லெர்வோ பார்த்துவிட்டாள்.

"இப்ப ஹில்லெவி உன் மேல் பலகையில ஏறி உக்காந்திருப்பா."

"உக்காரட்டும்."

"வயித்தெரிச்சலா இல்ல?"

"கொஞ்சம் இருக்கு." ரொட்டியைப் பிய்த்தான், வைத்தான், மறுபடி எடுத்தான். "தெல்லெர்வோ, அந்த ஒரு மணி நேரம் ஒரு வீட்டுக்குன்னு குடுக்கறது. ஒரு ஆளுக்குன்னு இல்ல. முறைப் பட்டியல்ல என் பேர் பக்கத்துல இன்னொரு பேருக்கு இடம் இருக்கு."

அவள் கரண்டியை எடுத்தாள். சூப்பைக் கிண்டினாள். வெய்யோ காத்திருந்தான். அவன் வீட்டுக்குக் குடிவந்தால் தன் கட்டடத்துச் சனிக்கிழமை ஆறு மணி முறையை அவள் விட வேண்டும். அதுவும் லேசில் விடக்கூடியது இல்லை என்பது அவனுக்குத் தெரியாதா?

"மேல் பலகை எனக்கு" என்றாள் கடைசியில்.

"மேல் பலகையா? அது நான் எப்பவும்..." என்று ஆரம்பித்தவன் அவள் முகத்தைப் பார்த்தான். "சரி. உனக்குத்தான்."

தெல்லெர்வோ கைப்பையைத் திறந்து சிவப்புக் காலுறைகளை எடுத்தாள். மேஜைக்கு மேல் எட்டி, அவன் கோட்டுப் பையில் திணித்தாள்.

"இதை நீயே கொண்டு போய்க் கூடையில போடு. இனிமே நான் தூக்கிட்டு அலைய மாட்டேன்."