தேங்காயெண்ணெய்க்குள் ஒலி

வெள்ளவத்தைக் கடையொன்றில் அம்மாவும் கடைக்காரரும் ஒரே போத்தல் தேங்காயெண்ணெயை மாறி மாறி மோந்துகொண்டு நின்றபோதுதான் எனக்கு அது தோன்றியது. மலிவான பாம் ஒயில் கலந்திருக்கிறது என்றார் அம்மா. இல்லவே இல்லை என்றார் கடைக்காரர். இரண்டு மூக்குகளும் விட்டுக்கொடுப்பதாயில்லை. ஒலியை உள்ளே அனுப்பிப் பார்த்தால் என்ன? திரவத்துக்குத் திரவம் ஒலியின் வேகம் வேறு. கலந்தால் அந்த வேகமும் மாறத்தானே வேண்டும்?

பல்கலைக்கழக இறுதியாண்டு ஆய்வுக்கு அதையே கேட்டேன். ஆய்வை மேற்பார்க்கும் சேருக்குப் பிடிக்கவில்லை. தூய திரவங்கள் இரண்டைக் கலந்து அளப்பதுதான் வழக்கம். எண்ணெய் ஒவ்வொன்றும் பல கொழுப்புகளின் கூட்டம், எதை எதோடு கலந்தாய் என்று எழுதுவாய் என்று கேட்டார். கெஞ்சியதில் ஒரு காலைப்பொழுது தந்தார். மதியத்துக்குள் நம்பக்கூடிய அளவுகளைக் காட்டாவிட்டால், போன வருடத்துப் பிள்ளைகள் செய்த, அசற்றோன் என்ற கரைப்பானின் கலவையை நானும் திருப்பிச் செய்ய வேண்டும்.

கருவி சிறியது. உலோகக் கிண்ணத்தில் எண்ணெய். அடியிலிருந்து ஒலி கிளம்பும். மேலே ஒலியைத் திருப்பியனுப்பும் தட்டைத் திருகால் உயர்த்த உயர்த்த, பக்கத்து மீற்றரின் முள் ஏறி இறங்கும். இரண்டு ஏற்றங்களுக்கு இடையில் தட்டு நகர்ந்த தூரத்திலிருந்து வேகத்தைக் கணக்கிடலாம். வெப்பநிலை மட்டும் அசையக் கூடாது. இந்த இரண்டு எண்ணெய்களுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவு சிறியது. ஒரு பாகை நகர்ந்தாலே அதை விழுங்கிவிடும். கிண்ணத்தைச் சுற்றி ஓடும் நீரை இருபத்தைந்து பாகையில் வைத்தேன். புத்தக அட்டவணைகள் பெரும்பாலும் இருபத்தைந்தில்தான் இருக்கின்றன.

முள் சோம்பலாக இரண்டு தரம் எழும்பியது. பிறகு படுத்துவிட்டது. வயரைக் கழற்றி மாட்டினேன். வேறு வயர் போட்டேன். அசையவில்லை. மணி பத்தைத் தாண்டிவிட்டது. உதவிக்கு வந்திருந்த கொட்டாஞ்சேனைத் தோழி மூடியைத் திறந்தாள்.

"இஞ்ச வந்து பாரடி. பட்டர் மாதிரிப் பாணுக்குப் பூசலாம் போல கிடக்கு."

எண்ணெய் பால் போலக் கலங்கி உறையத் தொடங்கியிருந்தது. கொழும்புச் சமையலறையில் தேங்காயெண்ணெய் உறைந்து நான் கண்டதில்லை; இருபத்தைந்து அதற்குக் குளிர் என்று மண்டையில் ஏறவேயில்லை. உறைந்த துகள்களில் பட்டு ஒலி சிதறியிருக்க வேண்டும். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முப்பத்தைந்துக்கு ஏற்றினேன். நீர் ஏறி நிலைக்கும்வரை செய்ய ஒன்றுமில்லை. வெப்பமானியையும் கதவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். மிச்ச நேரத்தில் மூன்றே அளவுகள்தான் முடிந்தன: தேங்காயெண்ணெய், பாம் ஒயில், பாதிக்குப் பாதி. மூன்றாவது புள்ளியை வரைபுத்தாளில் குறிக்கும்போதே சேர் வந்துவிட்டார். தனி எண்ணெய்கள் இரண்டின் புள்ளிகளையும் இணைத்த கோட்டுக்குச் சற்று மேலே கலவையின் புள்ளி நின்றது. அதில் விரலை வைத்தார்.

"இது எண்ணெயின்ட குணமா, உன்ட கைப்பிழையா?"

எண்ணெயின் குணம் என்று சொல்ல வாய் உன்னியது. சொன்னால் தலைப்பு கிடைத்துவிடலாம்.

"தெரியேல்ல சேர். ஒருக்காத்தான் அளந்தனான்."

அவர் தானே திருகைப் பிடித்து முள் ஏறி இறங்குவதைப் பார்த்தார்.

"அப்ப அசற்றோனை இப்ப எடுக்காத. செவ்வாய்க்கிழமை வந்து திரும்ப அள."

செவ்வாய்க்கிழமை பாதிக்குப் பாதிக் கலவையைப் புதிதாக இரண்டு தரம் தராசில் நிறுத்துக் கலக்கப்போகிறேன். ஒன்றை நான் அளப்பேன், மற்றதைத் தோழி. முடியும்வரை ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்கக் கூடாது. இருவர் கையிலும் அந்தப் புள்ளி கோட்டுக்கு மேலேயே நின்றால், அடர்த்தியையும் அளக்க அனுமதி கேட்பேன். கலந்தபின் எண்ணெய்கள் முன்பைவிட நெருக்கமாக அடைந்துகொண்டதால்தான் ஒலி விரைந்ததா என்று அதற்குப் பிறகுதான் சொல்ல முடியும்.