காதுக்கு மேல் ஒரு புடைப்பு

நாற்பத்து நான்கு வயதுவரை மாடத்திக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு சின்ன ஊர். கல்யாணமாகி எட்டாம் வருஷம் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, தம்பி புகழேந்தி வீட்டுக்கு அடுத்த வீட்டிலேயே தங்கிவிட்டவள். அவளும் தம்பி பெண்டாட்டி செல்வலட்சுமியும் ஒரே பட்டாசு ஆலையில்தான் சரம் பின்னினார்கள். நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் இப்படி ஒட்டிக்கொண்டு திரிவதைப் பார்த்து ஊரே அதிசயப்படும்.

ஊருக்குள் வந்து ஆள் ஏற்றிய கம்பெனி வேன் போன வருஷம் நின்றுபோனது. ஆலை வரைக்கும் நாலு கிலோமீட்டர், வெயிலில் நடை. இரண்டு மாசம் நடந்து பார்த்துவிட்டு மாடத்தி ஒரு பேட்டரி வண்டி வாங்கினாள். கடைக்காரர், "இருபத்தஞ்சு கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகாதும்மா. லைசென்சு வேணாம், ஹெல்மெட்டும் வேணாம். குழந்தகூட ஓட்டும்" என்று சொல்லித்தான் கொடுத்தார். கோயில் பொட்டலில் நாலு நாள் பழகினாள். ஐந்தாம் நாள் செல்வலட்சுமி பின்னால் ஒரு பக்கமாகக் கால் போட்டு, சோற்றுக் கூடையை மடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். சத்தமே இல்லாமல் போன வண்டி இரண்டு பேருக்கும் சிரிப்பாக இருந்தது.

அது நடந்தது ஒரு புதன்கிழமை. தார்ச்சாலையிலிருந்து ஆலைக்குத் திரும்பும் மண்பாதையில் ஆட்டுக் கூட்டம் ஒன்று குறுக்கே வந்தது. மாடத்தி வண்டியை நிறுத்தி இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டாள். சாவியைத் திருகி அணைக்கவில்லை. சத்தம் போடாத வண்டி, நின்றாலே அணைந்துவிட்டது போலத்தான் தோன்றும். கடைசி ஆடு கடந்ததும், சரளையில் சாய்ந்த வண்டியை நிமிர்த்த வலது கைப்பிடியை இறுகப் பிடித்தாள். பிடித்த வேகத்தில் ஆக்சிலேட்டர் திருகிக்கொண்டது. வண்டி ஒரு துள்ளு துள்ளி முன்னால் பாய்ந்தது. மாடத்தி எப்படியோ கால் பரப்பி நின்றுவிட்டாள். பின்னால் இருந்தவள் உட்கார்ந்த வாக்கிலேயே சரிந்து, இடது பக்கத் தலை பாதையோரக் கல்பாலத்தின் விளிம்பில் மோத விழுந்தாள்.

"ஏத்தா! செல்வி!"

செல்வலட்சுமி தானாகவே எழுந்தாள். சேலையைத் தட்டிக்கொண்டாள். "மதினி, உங்க வண்டிக்கு என்னையப் புடிக்கல போல. சோத்தைக் கொட்டிருச்சு பாருங்க" என்று சிரித்தாள். இடது காதுக்கு மேல் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு. ரத்தம் ஒரு சொட்டு இல்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போவமா தாயி?"

"இதுக்கா? சீசன் நேரத்துல ஒரு நாள் வேலைய விடச் சொல்லுதீகளா? வாங்க போவோம்."

மாடத்திக்கும் அதைக் கேட்டதும் மனசு லேசாகிவிட்டது. அந்த லேசுதான் பிற்பாடு அவளை அரித்துத் தின்றது.

ஆலை வாசலில் செல்போனைக் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். பத்து மணிக்கு செல்வலட்சுமி தலை வலிக்கிறது என்றாள். பன்னிரண்டரைக்குச் சோற்றைத் தொடவில்லை, இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். போர்மேன் மாரீஸ்வரன் வந்து பார்த்தான். "வெயிலு அப்படி, மாடத்தியக்கா. பித்தமாத்தான் இருக்கும். வேப்பமரத்தடியில செத்த நேரம் படுக்கச் சொல்லுங்க." காலையில் விழுந்த கதையை அவனிடம் மாடத்தி சொல்லவில்லை. தன் கையால் நடந்ததை அத்தனை பேர் முன்னால் சொல்ல நாக்கு எழவில்லை. துண்டை மடித்துத் தலைக்கு வைத்து அவளைத் தூங்க வைத்துவிட்டு, திரும்பிப் போய்ச் சரம் பின்னினாள்.

ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தபோது செல்வலட்சுமி குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குக் குறட்டைப் பழக்கம் கிடையாது. உலுக்கினாள். கன்னத்தில் தட்டினாள். இமையை விலக்கிப் பார்த்தாள். வலது கண்ணில் கருமணி கடுகாக இருந்தது. இடது கண்ணில் அது விரிந்து கண்ணையே அடைத்துக்கொண்டிருந்தது.

மாடத்தி வாசலுக்கு ஓடினாள். வெறுங்காலில் நெருஞ்சி தைத்தது தெரியவில்லை. ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரமாகும் என்றார்கள். "முக்கா மணி நேரமா? அவ கண்ணு ஒருமாதிரி இருக்குய்யா!" என்று வாட்ச்மேன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். அட்டைப்பெட்டி ஏற்றி நின்ற ஒரு சின்ன லோடு வண்டி கண்ணில் பட்டது. யாரையும் கேட்கவில்லை. ஏறிப் பெட்டிகளைத் தள்ளிக் கீழே எறிய ஆரம்பித்தாள். மாரீஸ்வரனும் ஓடிவந்து தள்ளினான். அந்த வெறும் தகரத்தில் சாக்கை விரித்து, தலையை மடியில் தாங்கிக்கொண்டு, சாத்தூரை நோக்கிப் போனார்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் மாடத்தி இரண்டு கையாலும் அந்தத் தலையை அணைத்துப் பிடித்தாள்.

முதலில் போன சின்ன ஆஸ்பத்திரியில் டாக்டர், "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார்.

"வேலையில மயங்கிட்டா, சார்" என்றாள் மாடத்தி.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. விபத்து என்றால் போலீஸ் வரும் என்று எங்கோ கேட்டிருந்தாள். அதைவிட, தம்பி முகம் கண்முன்னால் வந்துவிட்டது. டாக்டர் வெயில் மயக்கம் என்று எண்ணி குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார். பாட்டிலில் சொட்டுச் சொட்டாக இறங்கியது. மாடத்தி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். செல்வலட்சுமியின் வலது கை ஒருதரம் வெட்டி இழுத்து, அப்படியே துவண்டது. மாடத்தி டாக்டர் காலடியில் போய் விழுந்தாள்.

"பொய் சொல்லிட்டேன் சார். காலையில வண்டியில இருந்து விழுந்தா. மண்டையில அடி. நாந்தான் ஓட்டுனேன், நாந்தான் தள்ளிவிட்டேன். என்னைய ஜெயில்ல போடுங்க, அவளக் காப்பாத்துங்க!"

டாக்டர் ஓடிப்போய்க் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். "எத்தன மணிக்கு விழுந்தாங்க?"

"எட்டு மணிக்கு முன்னால."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டரை. பத்து நிமிஷத்தில் ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்து மதுரைக்கு அனுப்பினார்.

போகிற வழியில்தான் புகழேந்திக்குப் போன் போட்டாள். அவன் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு போய்க் கேரளாவில் இருந்தான்.

"தம்பி, செல்வி விழுந்துட்டாப்பா."

"எங்கன?"

"வண்டியில இருந்து. நாந்தான்..."

"பேசுதாளா? போனக் கொடுக்கா அவகிட்ட."

மாடத்தி போனைச் செல்வலட்சுமியின் காதில் வைத்தாள். மறுமுனையில் தம்பி, "செல்வி, செல்வி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது அவளுக்கும் கேட்டது.

மதுரையில் மண்டையோட்டைத் திறந்து, கட்டி நின்ற ரத்தத்தை எடுத்தார்கள். மறுநாள் காலை புகழேந்தி வந்து சேர்ந்தபோது உயிர் இருந்தது. அறுவை செய்த டாக்டர் அவனிடம், ஹெல்மெட் ஒன்று தலையில் இருந்திருந்தால் வெறும் சிராய்ப்போடு போயிருக்கும் என்றும், விழுந்த உடனே கொண்டுவந்திருந்தால் வலது கையும் காலும் விளங்காமல் போயிருக்காது என்றும் சொன்னார். மாடத்தி பக்கத்தில்தான் நின்றாள். அவள் விரல் இடுக்கில் முந்தின நாளின் பட்டாசு மருந்துப்பொடி இன்னும் சாம்பல் நிறத்தில் ஒட்டியிருந்தது. ஆடு கடந்ததிலிருந்து குளுக்கோஸ் வரைக்கும், தூங்க வைத்துவிட்டுப் போனது உட்பட, ஒன்றுவிடாமல் தம்பியிடம் சொன்னாள். அவன் கேட்டு முடித்துவிட்டு வராந்தாவின் அந்தக் கோடிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். அதன் பிறகு நாலு மாசம் அக்காவோடு அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அடித்திருந்தால்கூட ஆறியிருக்கும் என்று மாடத்தி நினைத்துக்கொள்வாள்.

செல்வலட்சுமி வீடு திரும்பினாள். வலது கை தொங்குகிறது, வலது கால் இழுபடுகிறது. எல்லாம் புரிகிறது, ஆனால் பேச வாயெடுத்தால் சொற்கள் இடம் மாறி வருகின்றன. தண்ணீருக்கு 'சீப்பு' என்பாள். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள் ஓவியாவை என்னவென்று கூப்பிடுவது என்று தெரியாமல் அழுவாள். மாடத்தி ஆலைக்குப் போவதை விட்டுவிட்டு, குளிக்க வைத்து, ஊட்டிவிட்டு, சாயங்காலம் தோளில் தாங்கித் தெருவில் இருபது எட்டு நடக்க வைக்கிறாள். பேட்டரி வண்டியில் ஏற யாராவது கேட்டு வந்தால், ஹெல்மெட் கொண்டுவந்தாயா என்று கேட்டு வாசலிலேயே விரட்டிவிடுகிறாள். ஊரில் அவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுகூடச் சொல்கிறார்கள்.

தை மாதத்தில் ஒரு நாள் மாடத்தி கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தபோது, செல்வலட்சுமி இடது கையால் அவள் தோளைத் தொட்டாள். உதட்டைக் குவித்து, வெகுநேரம் முயன்று, "கதவு" என்றாள். தப்பு என்று அவளுக்கே தெரிந்தது, கண் நிறைந்தது. மறுபடி முயன்றாள். மறுபடி "கதவு" என்றே வந்தது.

"என்ன தாயி?" என்றாள் மாடத்தி.

அன்றிலிருந்து அந்த வீட்டில் மாடத்தியின் பெயர் அதுதான். அடுக்களையில் இருந்தாலும் கொல்லையில் இருந்தாலும், "கதவு" என்று குரல் கேட்டால் மாடத்தி போட்டது போட்டபடி ஓடுகிறாள்.