நான்கு சிவப்புக் குச்சிகள்

நான் யாரையும் எளிதில் நம்புகிற ஆள் இல்லை. சூளகிரிப் பக்கம் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைதான் என் வேலை. சரக்குக் கொண்டுவருகிறவர் "எல்லாம் பக்கா சார்" என்று சொன்னால், அந்தப் பெட்டியைத்தான் முதலில் பிரிப்பேன். நாற்பத்தோரு வயதில் ரிமோட் விமானம் வாங்கியபோதும் அந்தப் புத்தி போகவில்லை. பெட்டியின் மேல் 'புதிதாகக் கற்பவர்களுக்கு' என்று போட்டிருந்தார்கள். அதை நம்பாமல் இரண்டு இறக்கைகளையும் ஸ்கேல் வைத்து அளந்தேன். சமமாகத்தான் இருந்தன. எனக்கு அதுவும் சந்தேகமாகவே இருந்தது.

பறக்கவிட இடம் தேடினால், கண்ணில் பட்ட வெட்டவெளியை எல்லாம் காம்பவுண்டுச் சுவர் வளைத்திருந்தது. கடைசியில் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு புறம்போக்குத் தரிசு கிடைத்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் தக்காளித் தோட்டம். தோட்டத்துக்காரம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். முதல் ஞாயிற்றுக்கிழமையே வரப்பில் வந்து நின்றுவிட்டார்.

"இன்னா சார் இது?"

"விளையாட்டு விமானம்க்கா. ஓட்டக் கத்துக்கறேன்."

"பசங்களுக்கா?"

"இல்லக்கா, எனக்குத்தான்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பாத்தியில் நின்ற கணவரிடம் தெலுங்கில் நீளமாக ஏதோ சொன்னார். நான் நாகப்பட்டினம் பக்கத்து ஆள். தெலுங்கில் ஒரு சொல்கூடத் தெரியாது. என்னைப் பற்றித்தான் பேச்சு என்பது மட்டும் தெரிந்தது. அந்தக் கணமே அந்த அம்மாவை எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

விமானம் என்னைவிட்டு விலகிப் போகும்வரை சொன்ன பேச்சைக் கேட்கும். திரும்பி என்னை நோக்கி வந்தால் இடமும் வலமும் மாறிவிடும். இடப்பக்கம் தள்ளினால் என் வலப்பக்கம் போகும். மூளைக்கு இது புரிந்தது, விரலுக்குப் புரியவில்லை. மூன்று வாரம் மண்ணைக் கவ்வியதுதான் மிச்சம். ரிமோட்டில்தான் கோளாறு என்று கடைக்காரருக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டேன். "எல்லாருக்கும் மொதல்ல அப்படித்தான் சார்" என்றார். கழிவுச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டுச் சமாளிக்கிறார் என்றே நினைத்தேன்.

செல்போன் வீடியோ ஒன்றில் ஒரு வழி சொன்னார்கள். தரையில் சதுரமாக நான்கு மூலைகளுக்கு அடையாளம் வைத்துக்கொண்டு, அந்தச் சதுரத்தின் மேலேயே திரும்பத் திரும்ப ஓட்டிப் பழக வேண்டுமாம். வேறு யாராக இருந்தாலும் நான்கு கல்லைப் போட்டிருப்பார்கள். நான் முப்பது மீட்டர் டேப் கொண்டுபோனேன். மூலைக்கு மூலை அளந்தேன். நான்கு குச்சிகளை நட்டு, கம்பெனியில் கழித்துப்போடும் பாகங்களுக்குக் கட்டுகிற சிவப்பு ரிப்பனை ஒவ்வொன்றிலும் கட்டினேன். அளவுகளை நோட்டில் குறித்தும் வைத்தேன். ஒரு குச்சி மட்டும் தோட்டத்து வரப்பிலிருந்து இரண்டடி தள்ளி அமைந்தது.

அடுத்த வாரம் போனால் குச்சிகளைக் காணோம். ஆடு மிதித்திருக்கும் என்று நினைத்து மறுபடி நட்டேன். அதற்கடுத்த வாரம் நான்கும் முறிந்து பாறைக்குப் பின்னால் கிடந்தன. ஆட்டுக்கு முறித்துப் போடத் தெரியாதே! தக்காளிச் செடிகளுக்கு நடுவே குனிந்திருந்த அந்த அம்மா நிமிரவே இல்லை. வேண்டுமென்றே செய்கிறார், ஏதோ வயிற்றெரிச்சல் என்று முடிவு கட்டினேன். வீம்புக்கு மூன்றாம் முறையும் நட்டேன், இன்னும் ஆழமாக.

அடுத்த சனிக்கிழமை முதல் ஷிப்ட் முடிந்து நேராகத் தரிசுக்கு வந்தேன். கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றவில்லை. முதல் முறையாக இரண்டு சுற்று ஒழுங்காகப் பறந்தது. மூன்றாவது சுற்றில் என்னை நோக்கி வரும்போது விரல் ஏமாற்றிவிட்டது. விமானம் சாய்ந்து தோட்டத்துக்கு அந்தப்பக்கம் விழுந்தது. நான் வரப்பைச் சுற்றி ஓடிப் போய்ச் சேருவதற்குள் காணாமல் போயிருந்தது.

"அக்கா, என் விமானம் இங்க விழுந்துச்சு."

"நான் பாக்கல சார்."

பொய் என்று முகத்திலேயே தெரிந்தது. மோட்டார் ரூம் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே சாக்குக்கு அடியில் மஞ்சள் இறக்கை நீட்டிக்கொண்டிருந்தது. எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"திருடறீங்களா? இந்த வயசுல?"

அவர் பயப்படவில்லை. "யாரு திருடன்?" என்று என் முன்னால் வந்து நின்றார். 'சார்' என்ற மரியாதை போய்விட்டது. "டேப்பு புடிச்ச. நோட்டுல எழுதுன. என் வரப்போரமா செவப்புத் துணி கட்டி குச்சி நட்ட. புடுங்கிப் போட்டா திரும்ப நடுற. மேல இத உட்டு போட்டோ புடிக்கிற. எந்தக் கம்பெனிக்கு அளக்கற, சொல்லு!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தப் பக்கத்தில் நிலம் எடுக்க வருகிறவர்களும் இப்படித்தான் வருவார்கள். முதலில் வானத்தில் ஏதோ சுற்றும், பிறகு குச்சி முளைக்கும், பிறகு வீட்டுக்கு நோட்டீஸ் வரும். அவருக்கு இருந்ததே இந்த ஒன்றரை ஏக்கர்தான். வாராவாரம் அதன் ஓரத்தில் வந்து நான் விளையாடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"இதுல கேமராவே இல்லக்கா."

"பிரிச்சுக் காட்டு."

அது ஒட்டிய தெர்மாகோல் மாதிரியான உடம்பு. பிரித்தால் திரும்பச் சேராது. அவரிடமே கத்தியை வாங்கி மூக்கிலிருந்து வால்வரை கிழித்தேன். உள்ளே பேட்டரியும் வயரும் இரண்டு குட்டி மோட்டார்களும் இருந்தன. ஒவ்வொன்றையும் அவர் எடுத்து, திருப்பி, வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். என் வேலையை அவர் என்னைவிட நன்றாகச் செய்தார்.

"கேமரா இல்ல" என்று ஒப்புக்கொண்டார்.

ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். "நான் சம்பளத்துக்கு வேலை பாக்கறவன்க்கா. எனக்கும் யார் நிலத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல" என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அவர் பார்வை என் சட்டைப் பைக்கு மேலிருந்த கம்பெனி முத்திரையில் நின்றது.

"இந்தக் கம்பெனியா நீங்க?"

"ஆமா."

"அது எங்க அண்ணன் நெலம். கேன்டீன்ல கை கழுவற எடம் இருக்குதில்ல, அங்கதான் கெணறு இருந்துச்சு. அத மண்ணு கொட்டி மூடுனப்ப நானும் சித்தாளா மண்ணு சொமந்தேன். கூலி குடுத்தாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கத்தியைச் சேலையில் துடைத்துக்கொண்டு தக்காளி பறிக்கப் போய்விட்டார். திருடி என்று சொன்ன வாயால் ஒரு மன்னிப்புக்கூடக் கேட்க எனக்கு வரவில்லை. வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை மதியம் கேன்டீனில் கை கழுவும் வரிசையில் என் முறை வந்தது. குழாய்மேல் கையை வைத்தபடி நின்றுவிட்டேன்.

"தண்ணி வரலீங்களா சார்?" என்றார் பின்னால் நின்றவர்.