அப்பாவைக் கேட்டு வந்த அழைப்பு

சிம்பாங் ரெங்கத்தில் நான் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டிய நாற்காலி கம்பெனியை மூடியபோது, பிள்ளைகளே, உங்களில் சின்னவன் பாலர் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தான். அவனுக்கு இதெல்லாம் நினைவிருக்காது. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

அதுவரை நான் வேலைக்கு மனு போட்டதே இல்லை. கம்பெனி கேட்டில் போய் நின்று ஆள் வேண்டுமா என்று கேட்பேன். மறுநாள் வேலையில் இருப்பேன். அந்தத் தடவையும் அப்படித்தான் மோட்டார் சைக்கிளில் கிளம்பினேன். போன இடமெல்லாம் காவலுக்கு நிற்கிற ஜாகா கேட்டைத் திறக்காமல், கைபேசியில் படம் பிடிக்கச் சொல்லி சுவரில் ஒட்டியிருந்த கறுப்பு வெள்ளைக் கட்டத்தைத்தான் காட்டினார்.

"எல்லாம் ஆன்லைன்தான் அண்ணே. உங்கள உள்ள விட்டா எனக்கு வேலை போயிடும். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து தேடணும்."

உங்கள் மாமா சிங்கப்பூருக்குக் கூப்பிட்டார். சம்பளம் நல்ல சம்பளம். ஆனால் அங்கேயே தங்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வீடு. உங்களை வாரத்துக்கு ஒரு நாள் பார்க்கிற அப்பாவாக இருக்க எனக்கு மனசு வரவில்லை. மாசக் கடைசி வரை பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தேன்.

பெரியவள் என் கைபேசியை வாங்கிக்கொண்டு விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்தாள். ஐசி என்கிற நம் அடையாள அட்டையில், பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே, இன்னார் மகன் என்று காட்ட ஒரு சாய்ந்த கோடு இருக்குமல்லவா? அந்தக் கோட்டை விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளவே இல்லை.

"ஐசில அப்படித்தானம்மா இருக்கு?"

"இருக்குப்பா. இதுக்குப் புரியல லா. குடும்பப் பேரு வேற கேக்குது."

நமக்கு ஏது குடும்பப் பெயர்? காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்கவில்லை. கடைசியில் தாத்தா பெயரைப் போட்டாள். பிறகு முதலில் கேட்டதையெல்லாம் மறுபடியும் கேட்டது.

"இப்பத்தான சொன்னோம்? காது கேக்காதா இதுக்கு?" என்றாள் உங்கள் அம்மா.

மறுநாள் "உங்கள் விண்ணப்பத்துக்கு நன்றி" என்று கைபேசிக்கு ஒரு கடிதம் வந்தது. வேலை கிடைத்துவிட்டது என்று நினைத்து அம்மா பாயாசம் வைத்தாள். பள்ளிவிட்டு வந்த பெரியவள் படித்துப் பார்த்து, "இது கம்ப்யூட்டரே எல்லாருக்கும் அனுப்புறதுப்பா" என்று மெதுவாகச் சொன்னாள். பாயாசத்தைக் குடித்தோம்.

அதன்பிறகு எத்தனையோ நன்றிகள் வந்தன. மாசக் கடைசி நெருங்கியபோது ஒரு காலை கைபேசி அடித்தது. ஒரு பெண், மலாயில், என் அப்பா பெயரைச் சொல்லி, இருக்கிறாரா என்று மரியாதையாகக் கேட்டாள். அப்பா வேலை பார்த்த தோட்டத்து ஆபீஸிலிருந்து பழைய விஷயம் ஏதோ போல என்று நினைத்தேன்.

"அவர் இறந்து ரொம்ப வருஷமாச்சு, புவான்," என்று நானும் மரியாதையாகவே சொன்னேன்.

அவள் பதறிப்போய் அனுதாபம் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். இத்தனை காலம் கழித்தும் அப்பாவைத் தேடுகிறார்களே என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மத்தியானம் பெரியவளிடம் சொன்னேன். புத்தகப் பையைக் கழற்றாமலே நின்றுவிட்டாள்.

"அலமாக்! அவங்க கேட்டது உங்களைத்தான்பா! குடும்பப் பேருன்னு தாத்தா பேரைப் போட்டேன்ல? என்னாலதான் போச்சு."

அழ ஆரம்பித்துவிட்டாள். "நீ என்னம்மா செய்வ? உயிரோட இருக்கவன் நான்தான செத்துட்டேன்னு சொன்னேன்," என்றேன். அழுதுகொண்டே சிரித்தாள்.

அந்த நம்பருக்கே கூப்பிட்டேன். என்ன பேசுவது என்று மனசுக்குள் அடுக்கி வைத்ததெல்லாம் மறந்து, "புவான், நான் இன்னும் சாகலை" என்றுதான் வாயில் வந்தது. அவள் சிரித்த சிரிப்பு அடுக்களையில் இருந்த அம்மாவுக்கே கேட்டது. வேறு ஒருவரைக் கூப்பிட்டாகிவிட்டதாம், இருந்தாலும் நாளைக்கு ஃபோர்க்லிஃப்ட் லைசென்சோடு வந்து ஓட்டிக் காட்டுங்கள் என்றாள். கூலாயில் ஒரு கிடங்கு. போய் ஓட்டிக் காட்டினேன். எடுத்துக்கொண்டார்கள்.

மாமாவுக்குச் சொன்னேன்: "நான் வரல மச்சான்."

"சிங்கப்பூர விடவா சம்பளம் குடுக்கிறான்?"

"கம்மிதான். பொழுது சாயுறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடலாம்."

முதல் நாள் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தேன். நீங்கள் இரண்டு பேரும் டிவி ரிமோட்டுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள். யாரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்று அந்தச் சண்டையைப் பார்த்தேன்.