நாலு மணிக்காரரின் மரண அறிவித்தல்

லண்டனில், வால்தம்ஸ்டோவில் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது எங்கள் ரொக் இசை வானொலி. கீழே சக்கரம் கழற்றும் சத்தம் ஒலிவாங்கிக்குள் நுழையாமல் இருக்கக் கலையகத்தின் சுவரெல்லாம் பழைய மெத்தைகள் சாத்தியிருந்தன. பல்கலைக்கழகம் முடித்த கையோடு உதவித் தயாரிப்பாளராக ஓடிப்போய்ச் சேர்ந்தேன். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் கற்றுவிடும் அவசரம் எனக்கு.

அங்கே ஆட்களை அவரவர் நேரத்தால்தான் குறிப்பிடுவோம். காலை நிகழ்ச்சி செய்தவள் காலைக்காரி. ஒலிவாங்கியில் அவள் கத்தினால் குட்மேய்ஸில் எங்கள் வீட்டுச் சமையலறை யன்னல் அதிரும். ஒலிவாங்கி அணைந்ததும் கிசுகிசுப்பாள். தொண்டையை அடுத்த நாளுக்குச் சேமிக்கிறாளாம். தேநீர் வேண்டுமா என்பதைக்கூட இரகசியம் போலத்தான் கேட்பாள்.

பின்னேரம் நாலு மணிக்காரர். அறுபது தாண்டிய ஆங்கிலேயர். நின்றபடி, மேசையில் ஒரு கையை ஊன்றி, எதிரில் யாரோ நிற்பதுபோலப் பேசுவார். பாட்டின் முன்னிசை ஓட ஓட அதன்மேல் கதைத்துக்கொண்டே போய், பாடகர் வாய் திறப்பதற்கு ஒரு மூச்சு முன்னால் நிறுத்துவார். ஒருநாளும் பிசகியதில்லை. கிற்றார் தனியாக ஒலிக்கும் இடத்தில், கூட நிற்கும் எங்களைக்கூட இருமவிடமாட்டார். நிகழ்ச்சி முடிந்தால் அவரிடம் பேச்சே இல்லை. வெள்ளிக்கிழமைகளில் தமிழ்க் கடையில் மட்டன் ரோல்ஸ் வாங்கி வந்து எங்களுக்கு வைத்துவிட்டு, தன் பங்கை யன்னலடியில் தனியே நின்று சாப்பிடுவார்.

கடந்த குளிர்காலத்தில் ஒரு திங்கட்கிழமை அவர் வரவில்லை. மறுநாள் உள்ளூர் நகர கவுன்சிலிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். வட லண்டன் எட்மண்டனில் தன் பிளற்றில் அவர் இறந்து கிடந்தாராம். அவருடைய தொலைபேசியில் அதிகம் இருந்தது எங்கள் நிலையத்தின் இலக்கம்தான். குடும்பத்தார் யாரையாவது தெரியுமா என்று கேட்டாள். எங்களுக்குத் தெரியவில்லை. சில கிழமைகள் தேடிப் பார்த்துவிட்டு மறுபடி அழைத்தாள். ஒருவரும் அகப்படவில்லை; கவுன்சிலே தகனம் செய்யும்; வருகிற வியாழன் காலை, தகனசாலையின் முதல் நேரம். “ஆட்கள் வராவிட்டாலும் மரியாதையாகச் செய்வோம்” என்றாள்.

எங்கள் ஒலிப் பொறியியலாளர் மன்னாரைச் சேர்ந்த ஓர் அக்கா. என்னைத் தவிர அங்கே தமிழர் அவர் ஒருவர்தான். கேட்டதும் ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்தார்.

“ஆளில்லாமலோ? இவ்வளவு சனத்தோட கதைச்ச மனிசன் தனியாப் போறதோ?”

எங்கள் வீட்டில் காலையில் முதலில் தமிழ் வானொலிதான் ஓடும். மரண அறிவித்தல் தொடங்கினால் அம்மா தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, “பொறு, ஆரெண்டு கேப்பம்” என்பார். பிறப்பிடம், வதிவிடம், யாருடைய அன்பு மகன், யாருடைய பாசமிகு தந்தை என்று உறவெல்லாம் சொல்லி முடித்து, கிரியை எங்கே, எப்போது என்று கடைசியில் வரும். ஊர்ப்பெயர் பொருந்திய ஒரே காரணத்துக்காக, முகம் தெரியாதவர்களின் செத்தவீட்டுக்கு அம்மா போய் வந்திருக்கிறார்.

“அக்கா, நாங்களும் அறிவித்தல் போடுவம்” என்றேன்.

“ரொக் ரேடியோவிலயோ? உனக்கென்ன விசரே?” என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, “காலைக்காரியைக் கேப்பம். காலமைதான் கனபேர் கேக்கிறவை” என்றார்.

காலைக்காரியுடன் பேசியது ஆங்கிலத்தில். என் நினைவில் அது எங்கள் வீட்டுத் தமிழாகத்தான் இருக்கிறது.

“ஏலாது. சனம் பல்லுத் தீட்டுற நேரம். எனக்குத் துக்கமா வாசிக்கவும் வராது. கத்தத்தான் தெரியும்.”

“இப்ப கத்துறீரோ?” என்று அக்கா கேட்டார்.

“இது சும்மா குரல்.”

“அந்தச் சும்மா குரலில வாசியும்.”

எழுத உட்கார்ந்தபோதுதான் எங்கள் இலட்சணம் தெரிந்தது. பிறப்பிடம் என்றார் அக்கா. தெரியாது. தாய் தகப்பன்? தெரியாது. எந்த ட்ரம்காரரை அவருக்குப் பிடிக்காது, ஏன் பிடிக்காது என்று மணிக்கணக்காகச் சொல்ல என்னால் முடியும். அவருக்கு ஒரு தங்கை இருந்தாளா என்று சொல்ல முடியவில்லை. யன்னலடியில் நின்று அவர் ரோல்ஸ் சாப்பிட்டபோது போய்க் கேட்டிருக்கலாம்.

தெரிந்ததை மட்டும் எழுதினோம். புதன்கிழமை, பாட்டுகளுக்கு நடுவே, காலைக்காரி கிசுகிசுத்தாள்: “எட்மண்டனை வதிவிடமாகக் கொண்ட எங்கள் நாலு மணிக்காரர் காலமானார். எங்கே பிறந்தார், யாருடைய மகன் என்று எங்களுக்குத் தெரியாது. கிற்றார் வாசிக்கும்போது அவர் பேசமாட்டார் என்பது தெரியும். அவருக்கு வேறு ஆட்கள் இல்லை. அவரைக் கேட்டவர்கள் நாளைக் காலை வாருங்கள்.” இடத்தையும் நேரத்தையும் இரண்டு தரம் சொன்னாள். பிறகு ஒரு பாட்டு. அதன்மேல் ஒரு சொல்லும் பேசவில்லை.

வியாழன் விடியப் புறப்பட்டபோது அம்மாவும் சாம்பல் நிறச் சேலைக்குமேல் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றார். எங்கள் ரொக் இசையைத் தகரம் உருட்டுவது என்பவர்.

“நீங்கள் ஏனம்மா?”

“நேற்று உன்ர ரேடியோவில சொன்னது காதில விழுந்திட்டுது. பிறகு போகாமல் விடுறதோ?”

தகனசாலை வாசலில் ஆட்கள் நின்றார்கள். நான் எதிர்பார்த்ததைவிட மிக அதிகம். பஸ் ஓட்டுநர் ஒருவர் சீருடையோடு வந்திருந்தார். டயர் கடைப் பொடியன்கள் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு பெண். ஒருவரை ஒருவர் தெரியாது. அந்த மனிதரின் முகமும் பாதிப்பேருக்குத் தெரியாது. எங்கே நிற்பது, யாரிடம் போவது என்று புரியாமல் எல்லாரும் சுவரோரம் ஒதுங்கினார்கள். பெட்டி வந்தது. கறுப்பு உடுப்போடு காலைக்காரி அதற்குப் பக்கத்தில் போய் நின்றாள். கண் வீங்கியிருந்தது.

“உரித்துக்காரர் எங்கை?” என்றார் அம்மா.

“ஒருத்தரும் இல்லையெண்டு சொன்னனே.”

அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. பெட்டியடியில் அழுதபடி நிற்பவள் வேறு யாராக இருக்க முடியும்? நேரே போய்க் காலைக்காரியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். காலைக்காரி அம்மாவின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தாள். விளக்கம் சொல்ல நான் காலெடுத்து வைத்தேன். அக்கா என் சட்டைக் கையைப் பிடித்தார்.

“விடு” என்றார்.

அம்மாவுக்குப் பின்னால் பஸ் ஓட்டுநர் வந்து கை கொடுத்தார். பிறகு டயர் கடைப் பொடியன்கள். அப்படியே ஒரு வரிசை உண்டாகிவிட்டது. ஒவ்வொருவரும் அவளிடம் அனுதாபம் சொன்னார்கள். ஒவ்வொருவருக்கும் அவள், “வந்ததுக்கு நன்றி” என்று கிசுகிசுத்தாள்.

வரிசை முடிந்ததும் தகனசாலை அலுவலர் வந்து, குடும்பத்தார் தயாரா என்று கேட்டார்.

“ஓம்” என்றாள் காலைக்காரி. உள்ளே போய் முன்வரிசையில் அமர்ந்தாள்.